துடியாட்டமான மாப்பிள்ளை

செல்வரட்ணம் ஒரு மாதம் முந்திப் பிறந்தவர். "அப்பவே எனக்குப் பயம், பிந்திப்போனால் விட்டிட்டுப் போயிடுவினமெண்டு" என்று அவரே சொல்லுவார். சொல்லிவிட்டு, கேட்டவர் சிரிக்கிறாரா இல்லையா என்று அவருடைய முகத்தை இரண்டு மூன்று தரம் பார்ப்பார்.

அவருடைய குணத்துக்குப் பண்டத்தரிப்பில் காலத்துக்குக் காலம் ஒரு பேர் இருந்தது. தவழ்கிற வயதில் துருதுரு என்ற பிள்ளை என்று எல்லோரும் தூக்கிக் கொஞ்சினார்கள். பள்ளிக்கூடத்தில் அதே குணத்துக்குக் குழப்படி என்று பேர், பூவரசந் தடியால் அடியும் கிடைத்தது. பதினெட்டு வயதில் சைக்கிளில் பறந்து திரிந்தபோது துடிப்பான பெடியன் என்றார்கள். இருபத்தைந்து தாண்டியதும் அவசரக்காரன், பறதி என்றார்கள். முப்பது தாண்டியதும் அந்தரம் பிடித்த மனிசன் ஆகிவிட்டார். இப்போது முப்பத்தாறு. கூட இருக்கும் அக்கா தங்கமுத்து கோபம் வந்தால், அவர் பதறுகிற பதற்றத்தைப் பார்த்து "பதகளி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாள். நெஞ்சு இடிப்பது என்னவோ அன்றும் இன்றும் ஒரே இடிதான். வயது ஏற ஏறப் பேர்தான் இறங்கிக்கொண்டே போனது. துருதுருவிலேயே நின்றிருக்கலாம் என்று அவருக்குச் சில நாட்களில் தோன்றும்.

உத்தியோகம் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ரைம் கீப்பர். அரசாங்கம் பஸ்களைப் பொறுப்பெடுத்த வருஷமே சேர்ந்தவர், நாலு வருஷமாயிற்று. எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிடும், எந்தச் சந்தியில் எத்தனை நிமிஷம் சுணங்கும் என்பதெல்லாம் மனப்பாடம். அப்படிப்பட்ட மனிதர், தான் ஏற வேண்டிய பஸ்ஸுக்கு மட்டும் ஒன்றரை மணித்தியாலம் முந்திப் போய் நிற்பார். இடது கையில் ஒரு மணிக்கூடு. அது நின்றுவிட்டால் என்ன செய்வது என்று வேட்டி மடிப்பில் இன்னொன்று. இரண்டும் ஒரு நிமிஷம் வித்தியாசம் காட்டினால் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது.

கலியாணம் இரண்டு தரம் குழம்பியது. முதல் தரம் பெண் வீட்டில் கதிரையில் இருந்து காலை ஆட்டிய ஆட்டில் பக்கத்து முக்காலி நடந்து போய், அதிலிருந்த தேத்தண்ணிக் கோப்பைகள் எல்லாம் பெண்ணின் தகப்பனுடைய மடியில் கொட்டிவிட்டன. இரண்டாம் தரம் சுணங்கக்கூடாது என்று நினைத்து, குறித்த நாளுக்கு முதல் நாளே போய்விட்டார். முற்றத்தில் மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். பெண் தலையில் எண்ணெய் வழிய வழிய நின்று "ஆரைத் தேடுறியள்?" என்று கேட்டது. 

அதன் பிறகுதான் தங்கமுத்து தரகர் முத்துக்குமாருவைக் கூப்பிட்டாள். முத்துக்குமாரு சும்மா ஆளில்லை. வாயாடிப் பெண்ணைக் கலகலப்பு என்பார். வாயே திறக்காததை அடக்கம் என்பார். மத்தியானம் வரை படுத்துக்கிடக்கிற மாப்பிள்ளைக்கு அவர் வைத்திருந்த பேர் நிதானம். அரைமணி நேரம் செல்வரட்ணத்தைக் கண்வெட்டாமல் பார்த்தார். அந்த அரைமணிக்குள் செல்வரட்ணம் நாலு தரம் எழும்பி வாசல் படலை பூட்டியிருக்கிறதா என்று பார்த்து வந்தார்.

"பிடிச்சிட்டன்" என்றார் முத்துக்குமாரு. "துடியாட்டம்! மாப்பிள்ளை நல்ல துடியாட்டமான ஆள்."

"உதையோ துடியாட்டம் எண்டுறியள்?" என்று தங்கமுத்து தம்பியைக் கையால் காட்டினாள்.

"பிள்ளை, எழும்பி எழும்பி நடக்கிறார்தானே? அது பொய்யோ? நான் பொய் சொல்லிக் கலியாணம் பேசிறதில்லை."

முத்துக்குமாரு அரியாலையில் ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்தார். பாலேஸ்வரி, வயது முப்பத்தொன்று, தையல் ரீச்சர். தாய் தகப்பன் இல்லை. அண்ணன் சோமசேகரம்தான் பொறுப்பு. "சாந்தம் எண்டால் அப்பிடியொரு சாந்தம்" என்றார் முத்துக்குமாரு. "பெம்பிளை நடந்தால் நிலத்துக்கே தெரியாது." செல்வரட்ணத்துக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. வீட்டில் ஒருவராவது சாந்தமாக இருந்தால் கதவைப் பூட்டினோமா என்று கேட்டுத் தெளியலாம். அதோடு கூடவே கவலையும் வந்தது: அவ்வளவு சாந்தமான மனிசி தன்னோடு எத்தனை நாள் தாக்குப்பிடிப்பாள்?

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது இனிச் சரிவராது என்று தங்கமுத்து சொல்லிவிட்டாள். முக்காலி இல்லாத இடமாகப் பார்த்து, தொண்டைமானாற்றுச் சன்னதி கோயில், வெள்ளிக்கிழமை காலை பத்து மணி என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை விடியமுன்னமே செல்வரட்ணம் வெளிக்கிட்டுவிட்டார். "நான் முன்னுக்குப் போய் நிக்கிறன், நீங்கள் ஆறுதலாய் வாங்கோ" என்றார். தங்கமுத்து கலண்டரை எடுத்துப் பார்த்தாள். நாள் சரிதான் என்று கண்டபிறகே அவரை அனுப்பினாள்.

யாழ்ப்பாணத்தில் மாறி ஏறிய சன்னதி பஸ்ஸில் முன் சீற்றில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒன்று வயது போனது, ஏறின உடனேயே நித்திரை. மற்றது பச்சைச் சேலை. மடியில் பெரிய துணிப்பை, பையைச் சுற்றி இரண்டு கையும். பஸ் கோப்பாய் தாண்டவில்லை, அந்தப் பச்சைச் சேலை கொண்டக்டரைக் கேட்டது:

"சன்னதி வந்திட்டுதோ?"

"இல்லை அம்மா, இன்னும் எவ்வளவோ கிடக்கு."

நீர்வேலியில் கேட்டது. புத்தூரில் கேட்டது. அச்சுவேலியில் எழும்பியே நின்றுவிட்டது. கொண்டக்டர் செல்வரட்ணத்தைத் தெரிந்தவன், அவரைப் பார்த்துக் கண் சிமிட்டினான். செல்வரட்ணம் பெரிய மனிதத் தோரணையில் தலையை ஆட்டினார். 'என்ன மனிசியப்பா இது! உதைக் கட்டப்போறவன் பாவம்' என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்தபோது அவரும் சீற்றின் நுனியில்தான் இருந்தார், ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்தபடி.

கோயில் வாசலில் இறங்கியபோது ஏழு மணி பத்து நிமிஷம். பத்து மணிக்கு இன்னும் கன நேரம். கிழவி நேரே மடத்துக்குள் போய் சேலைத் தலைப்பை விரித்துச் சரிந்துவிட்டது. செல்வரட்ணம் ஆற்றங்கரையில் நடக்கத் தொடங்கினார். ஐம்பது அடி போவார், திரும்புவார், மணிக்கூட்டைப் பார்ப்பார். நாற்பதாம் தரம் திரும்பும்போதுதான் கண்டார், கரையின் மற்றப் பக்கத்தில் பச்சைச் சேலையும் அப்படியே நடக்கிறது. வலை காயப்போட வந்த இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு இவர்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நடையும் நடையும் நடுவில் முட்டியது.

"அண்ணை, எத்தினை மணி?"

"ஏழு நாப்பத்திரண்டு."

"நீங்கள் மணிக்கூட்டைப் பாக்கவேயில்லை."

"இப்பதான் பாத்தனான்." என்றாலும் ஒரு சந்தேகம் வந்தது. கையைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த மற்றதையும் எடுத்துப் பார்த்தார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு வைச்சிருக்கிறியளோ? நான் மட்டும்தான் விசர் எண்டு நினைச்சன்." பையைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு துவாய்க்குள் சுற்றியபடி, அடித்து எழுப்புகிற வட்டமான எலாம் மணிக்கூடு ஒன்று இருந்தது. "கையிலை கட்டிறதை நம்பேலாது அண்ணை. இது வீட்டிலை அலுமாரிக்கு மேலை இருக்கிறது. அண்ணைக்குச் சொல்லாமல் தூக்கியந்திட்டன்."

செல்வரட்ணம் அந்த மணிக்கூட்டை மரியாதையோடு பார்த்தார். இப்படி ஒரு யோசனை தனக்கு வரவில்லையே என்றும் பட்டது.

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து நடந்தார்கள். இருந்து கதைக்க இருவராலும் முடியாது. அவள் தன்னைப் பற்றித் தானே நக்கலடித்தாள். அடுப்பு அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்த்த கதை, வகுப்பில் இருபது பிள்ளைகளுடைய ஊசிகளையும் இரண்டு தரம் எண்ணி, ஒன்று குறைந்து அழுதபோது அது தன்னுடைய சேலையிலேயே குத்தியிருந்த கதை. செல்வரட்ணம் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னார். மிளகாய் காய்ந்த முற்றத்தைச் சொன்னார். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அவருக்கு ஞாபகம் தெரிந்து, இந்தக் கதைகளைச் சொல்லி முடித்தபோது நெஞ்சு இடிக்காமல் இருந்தது இதுதான் முதல் தரம்.

"இண்டைக்கு ஏன் உவ்வளவு வெள்ளன வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

அவள் முகம் மாறிற்று. "என்னைப் பாக்க ஆக்கள் வருகினம் அண்ணை. பத்து மணிக்கு. சின்னாச்சியோடை நேத்திக்கடன் எண்டு சொல்லி முதலே வந்திட்டன். மாப்பிள்ளை பஸ் நிலையத்திலை உத்தியோகமாம். நல்ல துடியாட்டமான ஆளாம். எனக்கு அதுதான் பயம். பந்தடிக்கிற ஆக்கள் மாதிரி நெஞ்சை நிமித்திக்கொண்டு வருவார். என்னைப் போலை ஒண்டை அவருக்கு என்னத்துக்கு?"

செல்வரட்ணத்தின் கால் மண்ணில் புதைந்து நின்றது. அவர் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார். நிமிர்த்த முடியுமா என்று மெல்ல முயன்றும் பார்த்தார். அது வரவில்லை.

"நான்..." என்றார். "அது... அந்த ஆள்..."

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் எந்த மனிதனும் சொல்லியிருப்பான். ஆனால் அவள் பந்தடிக்கிறவரை எதிர்பார்த்துக்கொண்டு நிற்கிறாள். 'அது நான்தான்' என்றால் சிரிப்பாளா அழுவாளா என்று யோசித்தார். இரண்டுக்கும் பதில் யோசித்துக்கொண்டே நிற்கையில் கோயிலில் மணி அடித்தது.

"பூசை!" என்று இருவரும் ஒரே நேரத்தில் ஓடினார்கள்.

சன்னதியில் பூசை வாய் திறந்து செய்வதில்லை. பூசகர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு மௌனமாகச் செய்வார். மணி ஓய்ந்ததும் கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். செல்வரட்ணம் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஆண்கள் பக்கம் நின்றார். பாலேஸ்வரி நாலடி தள்ளிப் பெண்கள் பக்கம், கண்ணை மூடியபடி, பை தோளில். கற்பூரம் எரிகிற சத்தம்கூடக் கேட்கும் போலிருந்தது.

அப்போதுதான் அந்தப் பை அலறியது.

முகம் கழுவிப் பவுடர் போடுவதற்கென்று ஒன்பதே முக்காலுக்கு அவள் வைத்த எலாம். அலுமாரிக்கு மேலிருந்து அரியாலை வீடு முழுவதையும் எழுப்புகிற சாமான் அது. துவாய் அதை ஒன்றும் செய்யவில்லை. இருநூறு தலை ஒன்றாகத் திரும்பியது. வாயைக் கட்டிய பூசகரும் திரும்பினார். அந்தக் கண்களில் அவர் சொல்ல முடியாததெல்லாம் தெரிந்தது. பாலேஸ்வரி கல்லாகிவிட்டாள். கை அசையவில்லை. கண்ணைத் திறக்கவும் பயம்.

செல்வரட்ணம் யோசிக்கவில்லை. வாழ்க்கையில் அவர் யோசிக்காமல் செய்த ஒரே காரியம் அதுதான் என்று பிற்காலத்தில் சொல்லுவார், அதுவும் எப்படி முடிந்தது பாருங்கோ என்றும் சேர்த்துச் சொல்லுவார். பாய்ந்து போய் அவளுடைய தோளிலிருந்த பையைப் பறித்தார். நெஞ்சோடு அமத்திக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினார்.

வெறும் மேலோடு ஒருவன் பெண்பிள்ளையின் பையைப் பறித்துக்கொண்டு ஓடினால் கூட்டம் என்ன நினைக்கும்? கோயிலுக்குள் யாரும் வாய் திறக்கவில்லை. வாசலைத் தாண்டியதும் பத்துப் பேர் சேர்ந்து திறந்தார்கள்.

"கள்ளன்! பிடியுங்கோ!"

ஆற்றங்கரை மணலில் அவரை மடக்கினார்கள். வலை காயப்போட்ட இருவரும்தான் முதலில் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். "விடிய வந்து நடக்கேக்கையே எனக்கு ஐமிச்சம்" என்றான் ஒருவன். எலாம் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. "அதை நிப்பாட்டவேணும், அதை முதல் நிப்பாட்டவேணும்" என்று செல்வரட்ணம் கெஞ்சினார். மடியிலிருந்து இரண்டாவது மணிக்கூடு மணலில் விழுந்தது. "இன்னொண்டும் எடுத்திருக்கிறான்!" என்று யாரோ கத்தினார்கள்.

அந்த நேரம் பார்த்து பத்து மணிக்கு வரவேண்டிய பஸ் கால் மணி முந்தி வந்து நின்றது. அதிலிருந்து தங்கமுத்து இறங்கினாள். முத்துக்குமாரு இறங்கினார். வழியில் சேர்ந்து வந்த சோமசேகரமும் இறங்கினார்.

சோமசேகரம் கூட்டத்தை எட்டிப் பார்த்தார். "உது எங்கடை வீட்டு மணிக்கூட்டுச் சத்தமெல்லோ?"

முத்துக்குமாரு ஒரு பார்வையில் முழுவதையும் அளந்துவிட்டு, திரும்பி பஸ்ஸில் ஏறப் பார்த்தார். தங்கமுத்து அவருடைய சால்வையைப் பிடித்துக்கொண்டாள்.

கோயில் வாசலிலிருந்து பாலேஸ்வரி ஓடி வந்தாள். சேலை ஒரு பக்கம், கொண்டை ஒரு பக்கம்.

"விடுங்கோ அவரை! மாடுகளே, விடுங்கோ! அது என்ரை பை, என்ரை மணிக்கூடு! நான் வைச்ச எலாம்! எல்லாரும் என்னைக் கண்ணாலை திண்டுகொண்டு நிண்டியள். அந்த மனிசன் ஒருத்தர்தான் பையைப் பாத்தவர்!"

அக்கரைக்குக் கேட்கிற குரல். பிடித்திருந்தவர்கள் கையை விட்டார்கள். அவள் பையைப் பிடுங்கி, மணிக்கூட்டின் பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். சத்தம் நின்றது.

"பாலேஸ்" என்றார் சோமசேகரம் பின்னாலிருந்து. "ஆர் உவர்?"

"தெரியாதண்ணை. பஸ்ஸிலை வந்தவர். நல்ல மனிசன்."

தங்கமுத்துதான் பதில் சொன்னாள். தலையில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். "அது என்ரை தம்பி. அதுதான் மாப்பிள்ளை."

பாலேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். வேட்டியெல்லாம் மணல், தலையெல்லாம் மணல், இடுப்பில் கட்டிய சட்டை கிழிந்து வால் மாதிரித் தொங்கியது.

"நீங்களோ துடியாட்டம்?"

"நீங்களோ சாந்தம்?" என்றார் செல்வரட்ணம்.

எல்லோரும் முத்துக்குமாருவைப் பார்த்தார்கள். அவர் சால்வையை உதறிச் சரிசெய்தார். "ஓடினதைக் கண்டனீங்கள்தானே? இதைவிடத் துடியாட்டம் என்ன வேணும்?" என்றார். பெண்ணின் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். திறந்த வாய்க்கு ஒன்றும் வரவில்லை, மூடிக்கொண்டார்.

மடத்தின் நிழலில் இருந்து கதைத்தார்கள். சோமசேகரம் தெளிவாகவே சொன்னார். தங்கச்சியின் குணம் தெரிந்ததால்தான் பதறாத, ஆறுதலான மாப்பிள்ளை தேடியதாகவும், துடியாட்டம் என்றதை வேறுவிதமாக விளங்கிக்கொண்டதாகவும் சொன்னார். தங்கமுத்துவும் அவருடைய பக்கமே சாய்ந்தாள். "ஒரு வீட்டிலை உப்பிடி ஒண்டே காணும், போதும். ரெண்டும் பதகளிச்சால் ஆர் சோறு வடிக்கிறது? வேண்டாம், விடுங்கோ. ஒருதரிலையும் கோவமில்லை."

செல்வரட்ணம் எழும்பினார். நாலு பேரும் அவர் நடக்கப்போகிறார் என்றுதான் நினைத்தார்கள். அவர் நடக்கவில்லை.

"தரகர் சொன்ன சொல் பொய்" என்றார். "எனக்குத் துடியாட்டமுமில்லை, ஒரு மண்ணுமில்லை. எனக்குப் பயம். பஸ் போயிடுமெண்டும் பயம், வந்திடுமெண்டும் பயம். ஆற்றங்கரையிலை நிண்டு கதைக்கேக்கை நான்தான் அந்த ஆள் எண்டு சொல்லவும் பயம். அதுக்கு என்ன பேர் வைக்கிறதெண்டாலும் வையுங்கோ. ஆனால் காலமை ரெண்டு மணித்தியாலம் அந்தப் பயம் இல்லாமல் இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு இருந்தார். இருந்ததும் கால் ஆடத் தொடங்கியது.

பாலேஸ்வரி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அண்ணை, எனக்கு இவர் சரி. ஆறுதலான ஆக்களோடை இருந்தால் எனக்கு நான் விசர் மாதிரித் தெரியிது." செல்வரட்ணத்தின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒண்டு. காலமை அண்ணை எண்டு கூப்பிட்டதை மறந்திடவேணும்."

மடத்துக்குள் சரிந்து கிடந்த சின்னாச்சி அப்போதுதான் கண் விழித்து, "மாப்பிள்ளை வீட்டார் வந்திட்டினமோ?" என்று கேட்டாள்.

ஆவணியில் கலியாணம் நடந்தது. அந்த வீட்டில் சோறு வடிக்கத்தான் செய்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து, வெந்துவிட்டதா என்று ஏழு தரம் பார்த்து. ஊரில் வழக்கம்போல ஒரு பேர் வைத்தார்கள், அதைப் பற்றி அவர்கள் கவலைப்படவும் செய்தார்கள். மூன்று வருஷம் கழித்துப் பெண் பிள்ளை பிறந்தது. குறித்த நாளுக்குப் பதினொரு நாள் பிந்தி, ஒரு அவசரமும் இல்லாமல் பிறந்தது. அருந்ததி என்று பேர் வைத்தார்கள்.

பிள்ளை அழவில்லை. பசித்தால் ஒரு சின்ன முனகல், பால் கிடைத்தால் நித்திரை. ஒரு கிழமை பார்த்தார்கள். எட்டாம் நாள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"டொக்ரர், பிள்ளை அழுகுதில்லை."

டொக்ரர் பிள்ளையைப் புரட்டிப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். "பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை. நல்ல அமைதியான பிள்ளை."

செல்வரட்ணம் மனைவியைப் பார்த்தார். அமைதி, சாந்தம் என்ற சொற்களைப் பற்றி அவர்களுக்கு ஏற்கெனவே அனுபவம் உண்டு.

"எதுக்கும்" என்றாள் பாலேஸ்வரி, "வேறை ஒரு டொக்ரரிட்டையும் காட்டுவம்."

பிள்ளை கொட்டாவி விட்டது.